போட்டிக்கு ஒரு மைதானம் வேண்டும்



கொல்லங்கோடு, தூத்தூர், குளச்சல் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. கிறிஸ்துமஸோ ஊர்த் திருவிழாவோ நெருங்கினால் ரசீதுப் புத்தகத்தோடு பையன்கள் வந்துவிடுவார்கள். "அண்ணாச்சி, கால்பந்துப் போட்டி நடத்துறோம்" என்பார்கள். நாமும் நூறோ இருநூறோ எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவோம். யார் ஆடினார்கள், யார் ஜெயித்தார்கள், கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று பெரும்பாலும் கேட்பதில்லை. கொடுத்தோம், தொல்லை விட்டது என்று கல்லாவை மூடிவிடுகிறோம்.

இந்தக் கணக்கை மாற்றிப் போட வேண்டும் என்பது என் கருத்து. சில்லறையாகச் சிதறும் இந்தப் பணத்தில் ஒரு பங்கை ஒன்றாகத் திரட்டி, ஆண்டுக்கு ஒரு முறை, குறித்த ஒரு நாளில், திருவனந்தபுரத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழக அணிக்கும் நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணிக்கும் ஒரு கால்பந்து ஆட்டம் நடக்க, மாவட்டத்து வணிகர் சங்கங்கள் முன்கை எடுக்க வேண்டும். ஒரு ஆண்டு நாகர்கோவிலில், மறு ஆண்டு திருவனந்தபுரத்தில்.

"கல்லூரிப் பையன்கள் பந்து உதைப்பதற்கும் உளுந்து, துவரை விற்கிற நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், இதே போல எல்லையின் இரு பக்கமும் இரண்டு பல்கலைக்கழகங்கள் நூறு ஆண்டுக்கு மேலாக மோதிக்கொள்ளும் ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வருவோம்.

அமெரிக்காவில் ஓர் எல்லைத் தகராறு

அமெரிக்காவில் மிச்சிகன், ஒஹாயோ என்று அடுத்தடுத்து இரண்டு மாநிலங்கள். 1835-ல் இவை இரண்டுக்கும் டொலிடோ என்ற ஊரை வைத்துப் பெரிய தகராறு வந்தது. ஈரி ஏரியில் மௌமி ஆறு கலக்கும் இடத்தில் இருக்கிறது அந்த ஊர். கால்வாய் வெட்டினால் உள்நாட்டுச் சரக்கெல்லாம் அந்தத் துறைமுகம் வழியாகத்தான் போகும் என்று இரு பக்கத்தாரும் கணக்குப் போட்டார்கள். ஆக, அடிப்படையில் அது வியாபாரத் தகராறுதான். இரண்டு பக்கமும் படை திரட்டிக்கொண்டு எல்லையில் நின்றன. நல்ல வேளை, போரில் யாரும் சாகவில்லை. காவல் அதிகாரி ஒருவர் பேனாக்கத்தியால் குத்துப்பட்டதோடு போயிற்று.

கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றம் டொலிடோவை ஒஹாயோவுக்குக் கொடுத்தது. மிச்சிகனுக்குச் சமாதானமாக வடக்கே ஒரு பெரிய காட்டுப் பகுதியைக் கொடுத்து, 1837 ஜனவரியில் மாநிலமாக ஏற்றுக்கொண்டது. ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று மிச்சிகன்காரர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு அந்தக் காட்டுக்கடியில் செம்பும் இரும்பும் கிடைத்தன. மட்டச் சரக்கு என்று மூலையில் போட்ட மூட்டை பின்னால் நல்ல விலைக்குப் போவதை நாமும் பார்த்திருக்கிறோம் அல்லவா?

இந்த இரண்டு மாநிலத்துப் பல்கலைக்கழகங்களும் 1897-ல் முதன்முதலாகக் கால்பந்து ஆடின. (அவர்கள் கால்பந்து நம்முடையது போல அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி, எதிரில் வருபவரை இடித்துத் தள்ளும் ஆட்டம்.) 1918 முதல் ஆண்டு தவறாமல் ஆடுகிறார்கள். கொரோனா வந்த 2020-ல் மட்டும்தான் ஆட்டம் இல்லை. ஒரு ஆண்டு மிச்சிகனின் ஆன் ஆர்பர் ஊரில், மறு ஆண்டு ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில். நவம்பர் இறுதியில் நன்றி தெரிவிக்கும் நாள் என்று ஒரு பண்டிகை கொண்டாடுகிறார்களே, அதை அடுத்த சனிக்கிழமை.

ஆன் ஆர்பரின் மக்கள்தொகை சுமார் 1 லட்சத்து 23 ஆயிரம். அங்குள்ள மைதானத்தில் 1 லட்சத்து 7 ஆயிரம் பேர் உட்காரலாம். ஏறக்குறைய ஓர் ஊரே வந்து உட்கார்ந்துவிடும். 1950-ல் கொலம்பஸில் கடும் பனிப்புயல். மைதானத்தில் போட்ட கோடுகூடத் தெரியவில்லை. அப்போதும் ஐம்பதாயிரம் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். கோயில் திருவிழாவுக்கு மழையென்று யார் வீட்டில் இருப்பார்கள்? அது போலத்தான்.

ஒஹாயோ அணிக்கு வூடி ஹேய்ஸ் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். மிச்சிகன் என்ற பெயரையே வாயால் சொல்ல மாட்டாராம். ஒரு முறை மிச்சிகனிலிருந்து காரில் திரும்பும்போது பெட்ரோல் தீரப்போகிறது என்றார்களாம். 'இந்த மாநிலத்தில் ஒரு சொட்டும் வாங்கக் கூடாது. காரைத் தள்ளியாவது எல்லை தாண்டுவோம்' என்றாராம். இப்படி ஒரு கதை அங்கே உலவுகிறது. வியாபாரி என்ற முறையில் எனக்கு இந்தக் கதையில் அந்த பெட்ரோல் பங்க்காரர் மேல்தான் இரக்கம் வருகிறது.

ஹேய்ஸிடம் ஆடக் கற்று, பிறகு அவரிடமே உதவியாளராக இருந்தவர் போ ஷெம்பெக்லர். அவரே 1969-ல் மிச்சிகன் அணிக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டார். நம் கடையில் நின்று தொழில் படித்த பையன் எதிர்ச்சாரியில் கடை போட்டது போல. 1969 முதல் 1978 வரை பத்து ஆட்டம். சிஷ்யன் ஐந்தில் ஜெயித்தார், குரு நான்கில் ஜெயித்தார், ஒன்று சமம். பத்து ஆண்டும் முட்டி மோதினாலும் ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த மரியாதை குறையவில்லை. நல்ல எதிர்க்கடைக்காரன் இருந்தால்தான் நம் தராசும் சுத்தமாக இருக்கும் என்பது அந்த இருவருக்கும் தெரிந்திருந்தது.

நம் எல்லையின் கதை

இப்போது நம் ஊருக்கு வருவோம். அவர்களாவது பேனாக்கத்தியோடு நிறுத்திக்கொண்டார்கள். நம் எல்லைக்கு உயிரே விலை. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தின் முடிவில், 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. கேட்டவற்றில் நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன.

எல்லைக்கல் நட்டார்களே தவிர வியாபாரத்துக்கு எல்லை போட முடியவில்லை. ஓணம் வந்தால் தோவாளைப் பூ எங்கே போகிறது? வடசேரிச் சந்தையில் ஏற்றும் காய்கறி எங்கே இறங்குகிறது? திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தும் தமிழர்கள் எத்தனை பேர்! களியக்காவிளையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும். எந்தச் சரக்கு எந்த மாநிலத்தது என்று பிரிக்கவே முடியாது.

கல்லூரிகளின் கதையும் அப்படித்தான். 1893-ல் கல்லூரியான நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும், 1952-ல் தொடங்கிய தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியும் மாவட்டம் இணையும் வரை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் இருந்தவை. அந்தப் பல்கலைக்கழகம் 1937-ல் தோன்றி, பின்னால் கேரளப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. நம் கல்லூரிகள் சென்னைக்குப் போய், 1966-க்குப் பிறகு மதுரைக்குப் போய், 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உருவானபோது அதில் சேர்ந்தன.

யார் இந்தச் சுந்தரனார்? ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். அந்தக் கல்லூரிதான் இன்று கேரளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யுனிவர்சிட்டி கல்லூரி. அவர்கள் ஆசிரியரின் பெயரில்தான் நம் பல்கலைக்கழகம் நடக்கிறது. ஒரே வீட்டில் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி போன்ற இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒரு ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்குமா?

பந்து இருக்கிறது, நாள் இல்லை

ஆட்டக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. கேரள எல்லையில் பொழியூர், நம் பக்கம் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று கடலோரம் முழுவதும் பந்துதான். மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகிய கால்கள். இரவிபுத்தன்துறைப் பையன் மைக்கேல் சூசைராஜ் 2019-ல் இந்தியாவுக்கு ஆடினார். 2019-20 இந்தியன் சூப்பர் லீக்கில் கோப்பை வென்ற கொல்கத்தா அணியிலும் இருந்தார்.

கேரளத்தின் பலமும் நமக்குத் தெரியும். மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் டிராபியை 1973-ல் முதலில் வென்றவர்கள், 2022-ல் மஞ்சேரியில் ஏழாவது முறை வென்றார்கள். தமிழ்நாடு 2012-ல் இறுதி ஆட்டம் வரை போய் சர்வீசஸ் அணியிடம் 3-2 என்று தோற்றது. ஆனால் பெண்கள் கால்பந்தில் தராசு நம் பக்கம் சாய்கிறது. தேசியப் போட்டியைத் தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் வென்றார்கள். ஆகவே ஆண்கள் ஆட்டத்தோடு பெண்கள் ஆட்டமும் வைத்தால் இரு மாநிலத்தாரும் ஆளுக்கொன்றில் மார்தட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவு இருந்தும் இந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் மோதுவதற்கு நாகர்கோவில்காரன் காத்திருக்கும் நாள் என்று ஒன்று இல்லை. தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியில் அட்டவணை அமைந்தால் சந்திப்பார்கள், இல்லாவிட்டால் இல்லை. அதுவும் எங்கோ ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், மாணவர் சிலர் பார்க்க நடந்து முடியும். மறுநாள் பத்திரிகையின் உள்பக்கத்தில் நான்கு வரி.

சந்தை ஏன் சந்தையாக நிலைக்கிறது? குறித்த கிழமையில், குறித்த இடத்தில் கூடுவதால்தான். என்றைக்காவது, எங்கேயாவது கூடும் என்றால் எந்த விவசாயி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருவான்? மிச்சிகன்காரர்களிடம் நாம் படிக்க வேண்டியது இந்த ஒன்றுதான்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

வரவு செலவு பார்க்காமல் எதையும் செய்யச் சொல்ல மாட்டேன். ஒரு ஆட்டத்தால் நம் கடைகள் செழித்துவிடும் என்று சொன்னால் அது பொய். அண்ணா ஸ்டேடியத்தில் சில ஆயிரம் பேர் கூடினால் அன்று டீக்கடை, பேக்கரி, பழக்கடை, ஏத்தங்காய் சிப்ஸ் கடை, வடசேரி பக்கத்து ஓட்டல்கள் ஆகியவற்றுக்கு நல்ல வியாபாரம். துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் ஒன்றும் பெரிதாக வராது. பலசரக்குக் கடைக்கு அதைவிடக் குறைவு.

நமக்கு உள்ள லாபம் வேறு. முதலாவது, பெயர். பெரிய கம்பெனிகளின் சூப்பர் மார்க்கெட்டும், செல்போனில் அமுக்கினால் வீட்டுக்கு வரும் சரக்கும் நம் வாடிக்கையாளரின் பிள்ளைகளை இழுத்துக்கொண்டிருக்கின்றன. இருபது வயதுப் பையனுக்கு நம் சங்கம் என்று ஒன்று இருப்பதே கடையடைப்பு நாளில்தான் தெரிகிறது. கடை மூடும்போது மட்டும் நினைவுக்கு வரும் சங்கத்தின் மேல் அவனுக்கு என்ன பாசம் வரும்? அவன் கல்லூரி அணியின் சட்டையில் நம் சங்கத்தின் பெயர் இருக்கட்டும். ஊர்க்காரன் கடை என்ற எண்ணம் விளம்பரப் பலகையால் வருவதைவிட இப்படி வருவது உறுதியானது.

இரண்டாவதுதான் முக்கியம். அண்டை மாநிலங்களுக்குள் போட்டியும் பொறாமையும் இருக்கவே செய்யும். அது மனித சுபாவம். அந்த உணர்ச்சிக்கு ஒரு மைதானம் கிடைக்காவிட்டால் அது சாலைக்கு வந்துவிடும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியபோது குமுளி, கம்பம் எல்லையில் என்ன நடந்தது? போக்குவரத்து நின்றது. லாரிகள் நின்றன. காய்கறியும் பாலும் தேங்கின. அணையைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இல்லாத சிறு வியாபாரியும் கூலியாளும்தான் அடிபட்டார்கள். நாளைக்கு நம் எல்லையில் தண்ணீர், கழிவு, கனிமம் என்று ஏதோ ஒன்றில் சண்டை மூண்டால் களியக்காவிளையில் முதலில் இறங்குவது நம் கடைகளின் ஷட்டராகத்தான் இருக்கும்.

ஒரு கால்பந்து ஆட்டம் அணைச் சண்டையைத் தீர்க்காது. ஆனால் ஆண்டுக்கொரு முறை இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு, முடிந்ததும் ஒரே கடையில் டீ குடித்துப் பழகினால், எல்லைக்கு அப்பால் இருப்பவன் முகம் தெரிந்தவனாகிவிடுவான். முகம் தெரிந்தவன் கடை மேல் கல்லெறியக் கை அவ்வளவு சுலபமாக எழாது.

அங்கே கெட்டது இங்கே வேண்டாம்

அமெரிக்காவில் நடப்பதெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. 2024 நவம்பரில் கொலம்பஸில் மிச்சிகன் 13-10 என்று ஜெயித்தவுடன், எதிரியின் மைதான நடுவில் தங்கள் கொடியை நடப் போனார்கள். கைகலப்பு மூண்டு, போலீசார் மிளகுப் பொடித் திரவம் அடித்துத்தான் கலைத்தார்கள். இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம். ஜெயித்தவன் வம்புக்குப் போனால் ஜெயித்ததன் மதிப்பே போய்விடுகிறது.

பணத்தின் ஆட்டமும் அங்கே அதிகம். பயிற்சியாளர்களுக்குக் கோடிகளில் சம்பளம். ஆடுகிற பையனோ 2021 வரை தன் பெயரை வைத்து ஒரு காசு சம்பாதிக்கவும் விதி இடம் தரவில்லை. 2025-ல்தான் கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று வந்தது. மூட்டை சுமக்கிறவனுக்குக் கூலி கொடுக்காமல் கல்லாவை நிரப்பிய கதைதான்.

அடிபட்டவன் நிலையையும் நாம் யோசிக்க வேண்டும். சூசைராஜுக்கே 2020 நவம்பரில், சீசனின் முதல் ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு நீண்ட காலம் ஆட முடியாமல் போயிற்று. பெரிய கிளப்பில் இருந்தவருக்கு சிகிச்சை கிடைத்தது. வள்ளம் இழுத்துப் பிழைக்கும் வீட்டுக் கல்லூரிப் பையனுக்கு மூட்டு விலகினால் யார் பார்ப்பார்கள்?

அங்கே நல்லது ஒன்றும் இருக்கிறது. ஆட்டத்தையொட்டி, எந்தப் பல்கலைக்கழகம் அதிக ரத்தம் கொடுக்கிறது என்று ஒரு போட்டி 1982 முதல் நடத்துகிறார்கள். ரத்ததான முகாம் நம் சங்கங்களுக்குப் புதிதல்ல. களத்தில் தோற்றவர்கள் இதில் ஜெயிக்கட்டும். இரு பக்கத்து மருத்துவமனைக்கும் நல்லது.

எப்படிச் செய்யலாம்?

நாள்: பொங்கல் கழிந்து, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலை. தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் வியாபாரம் முடிந்து நம் கடைகளில் கொஞ்சம் மூச்சு விடும் நேரம். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் மழைத் தொந்தரவு குறைந்த மாதம். பல்கலைக்கழகங்கள் தேர்வுக்கு இடைஞ்சலில்லாமல் பார்த்து முடிவு செய்யட்டும். ஆனால் ஒரு முறை முடிவு செய்தால் பிறகு மாற்றக் கூடாது.

இடம்: நம் முறைக்கு நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியம். அவர்கள் முறைக்கு, திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்துக்கே சொந்த ஸ்டேடியம் இருக்கிறது.

பணம்: ஒரு சங்கத்தில் 300 உறுப்பினர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆண்டுக்கு 200 ரூபாய் என்றால் 60,000 ரூபாய். மாவட்டத்தில் ஐந்து சங்கம் சேர்ந்தால் 3 லட்சம். அணிகளுக்குப் பஸ், சாப்பாடு, சட்டை, நடுவர் படி, ஆம்புலன்ஸ், ஆட்டக்காரர் அத்தனை பேருக்கும் விபத்துக் காப்பீடு ஆகியவற்றை இதற்குள் சிக்கனமாக முடிக்கப் பார்க்க வேண்டும். மிச்சம் வந்தால் அது ஏழை ஆட்டக்காரரின் புத்தகச் செலவுக்கு. வரவு செலவை ஒரு மாதத்துக்குள் இந்த இதழிலேயே அச்சிட வேண்டும். கணக்குக் காட்டாத வசூலை நாமே ஊக்குவிக்கக் கூடாது.

விளம்பரம்: மதுவும் புகையிலையும் பக்கத்தில் வரக் கூடாது. பணம் அதிகம் தருகிறார்கள் என்று ஆசைப்பட்டால் பெற்றோர் முகத்தில் நாளை நாம் விழிக்க முடியாது.

மேடை: அரசியல் தலைவர்களை அழைக்கலாம், முன்வரிசையில் உட்கார வைக்கலாம். பேச்சு வேண்டாம். ஆட்டம் சொன்ன நேரத்தில் தொடங்கினாலே பாதி வெற்றி.

இதற்காக ஊர்ப் பையன்களின் ரசீதுப் புத்தகத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்த மணல் மைதானங்கள்தான் நாற்றங்கால். அங்கே தண்ணீர் ஊற்றாமல் வயலில் கதிர் எதிர்பார்க்க முடியாது. இனிமேல் கொடுக்கும்போது 'போன வருஷம் யார் ஜெயித்தது, உங்களில் காலேஜ் டீமுக்குப் போனவன் யார்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இருநூறு ரூபாயைவிட அந்தக் கேள்வி அவர்களுக்குப் பெரிது.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்க உறுப்பினர்கள் யாராவது முன்வர வேண்டும். நிறைவேறினால் இரண்டு பல்கலைக்கழகங்களின் உடற்கல்வித் துறைகளுக்கும் சங்கத்தின் பெயரில் கடிதம் போகட்டும். கூடவே திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு வியாபாரிகளுக்கும் ஒரு கடிதம் எழுதுவோம். அவர்கள் பக்கத்து ஏற்பாட்டை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். முதல் ஆட்டத்தில் நம் பையன்கள் தோற்றாலும் பரவாயில்லை. மிச்சிகனை முதல் முறை வெல்ல ஒஹாயோவுக்கு 1919 வரை, இருபத்திரண்டு ஆண்டு ஆயிற்று. வியாபாரிக்குப் பொறுமையைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.